ஈயத் தகட்டில் ஒரு பிராது

ஒரு வாசகர், ஜனவரி 9

கல் சாலை போட்டான், பாலம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தான், சட்டம் எழுதினான். அப்படிப்பட்ட ரோமானியன் ஈயத் தகட்டில் எழுதிச் செய்வினை வைத்தான் என்கிறார்கள். படித்தவன் செய்திருக்க மாட்டான். அடிமைகளும் எல்லைப்புறத்து ஆட்களும் செய்ததை ஒட்டுமொத்த ரோமானியர் தலையில் கட்டுகிறார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர் மறுக்கலாம்.

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன்.

முகியானஸ் என்று ஒருவர். ரோமின் உயர்ந்த பதவியான கான்சல் பதவியை மூன்று முறை வகித்தவர், வெஸ்பாசியனைப் பேரரசர் ஆக்கியதில் பெரும் பங்கு அவருக்கு. கண்நோய் வரக்கூடாது என்று உயிருள்ள ஈ ஒன்றை வெள்ளைத் துணியில் முடிந்து கட்டிக்கொண்டு திரிந்தார். நோனியானஸ் என்று இன்னொரு பெரிய மனிதர், அதே கண்நோய்க்கு, இரண்டு கிரேக்க எழுத்துகள் எழுதிய தாளை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார். ஜூலியஸ் சீசர் ஒரு தடவை வண்டி விபத்தில் மாட்டினாராம். அதற்கப்புறம் வண்டியில் உட்கார்ந்ததும் ஒரு மந்திரத்தை மூன்று முறை சொல்லாமல் கிளம்பியதில்லை. மூன்றையும் எழுதிவைத்தவர் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. மந்திரவாதிகள் எல்லாம் பித்தலாட்டக்காரர்கள் என்று பக்கம் பக்கமாகத் திட்டியவரும் அவரேதான். கூடவே, கொடிய சாபத்துக்கு அஞ்சாத மனிதர் யாருமில்லை என்றும் எழுதுகிறார். முட்டை தின்றவுடன் ஓட்டை நொறுக்கிப்போடும் பழக்கம்கூட அந்தப் பயத்தால் வந்தது என்கிறார்.

ஈயத் தகடு பாமரர் சமாச்சாரம் என்றால் ஜெர்மானிகஸ் கதையைப் பாருங்கள். பேரரசர் டைபீரியஸின் சுவீகாரப் பிள்ளை, அடுத்த பேரரசர் என்று ஊரே எதிர்பார்த்த ஆள். கி.பி. 19இல் அந்தியோக்கியாவில் நோய் கண்டு படுத்தார். வீட்டின் தரையிலும் சுவரிலும் தேடினார்கள். மனித உடலின் மிச்சங்கள், மந்திர வாசகங்கள், ஜெர்மானிகஸ் பெயர் பொறித்த ஈயத் தகடுகள், பாதி எரிந்த சாம்பல் எல்லாம் கிடைத்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆள் பிழைக்கவில்லை. சிரியாவின் ஆளுநராக இருந்த பீசோ மேல் பழி விழுந்தது. ரோமில் வழக்கு நடக்கும்போதே பீசோ செத்தார், தற்கொலை என்றார்கள். இதில் எங்கே அடிமை, எங்கே எல்லைப்புறம்?

ஜனவரி 10

அந்த ஈ எத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிளினி சொல்லவில்லை. வாரம் ஒரு ஈ பிடித்துக் கொடுக்க ஓர் அடிமை இருந்திருப்பான் என்று நினைக்கிறேன். ஏழைக்கு ஈயம், பணக்காரனுக்கு ஈ.

ஜனவரி 14

மகள் வீடு இங்கிலாந்தில், பிரிஸ்டலில். அங்கிருந்து பாத் நகரம் கால் மணி நேர ரயில். நேற்றுப் போய்வந்தேன். போகிற வழியில் ரயிலிலேயே கையுறையைத் தொலைத்தேன். மகள் வாங்கிக் கொடுத்த கம்பளிக் கையுறை, ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

ஊற்றைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர், அடியிலிருந்து குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது, மேலே ஆவி. 46 டிகிரி சூடாம், கைவைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ரோமானியர் காலத்தில் இது சூலிஸ் மினெர்வா என்ற தேவியின் ஊற்று. உள்ளூர்த் தெய்வம் சூலிஸ், ரோமானியர் கொண்டுவந்தது மினெர்வா, இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். 1978இல் இங்கே குளித்த ஒரு சிறுமி தண்ணீரிலிருந்த அமீபா தொற்றி இறந்துபோனாள், குளம் மூடப்பட்டது. 1979இல் ஊற்றின் அடியில் அகழாய்வு தொடங்கியது. ஆயிரக்கணக்கான காசுகளோடு சுமார் 130 சாபத் தகடுகள் வந்தன.

கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஏதோ எலும்பும் மண்டையோடும் போட்ட பயங்கரத்தை எதிர்பார்த்துப் போனேன். இருந்தது உள்ளங்கை அகலத் தகடு, ஈயமும் தகரமும் கலந்தது, பழைய பால் மூடி மாதிரி நசுங்கி. அதில் ஊசிமுனையால் கீறிய கோடுகள், நம் டாக்டர் சீட்டு தேவலாம். பக்கத்தில் மொழிபெயர்ப்பு: டோகிமெடிஸ் என்பவன் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டான். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்களும் போகவேண்டும், தேவி குறிக்கும் கோயிலில்.

வெறுங்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு இதைப் படித்தேன்.

ஜனவரி 15, விடியற்காலை

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

எனக்கு முப்பத்தோரு வருஷம் தொழில் நீதிமன்ற வாசலில் டைப்பிங். மரத்தடியில் மேஜை, மெஷின், கார்பன் தாள். மனு, பிராது, பிரமாணப் பத்திரம். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தத் தகடுகள் செய்வினையே இல்லை. பிராது.

காது கொடுத்துக் கேளுங்கள். எடுத்தவன் "ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ". தகட்டுக்குத் தகடு இதே தொடர் வருகிறது. "அடையாளம் தெரியாத நபர் அல்லது நபர்கள்" என்று நான் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன். மனு எழுதுபவனுக்கு ஒரே பயம்தான்: ஓட்டை வைக்கக் கூடாது. ஆண் என்று எழுதி, எடுத்தவள் பெண்ணாக இருந்தால் மனு செல்லாது. அன்னியானஸ் என்பவன் பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக் காசு பறிகொடுத்தான். அவன் இன்னும் ஒரு படி மேலே போய் "கிறிஸ்தவனோ மற்றவனோ" என்று சேர்த்தான். ஊரில் புது மதம் வந்திருக்கிறது, அதைச் சொல்லித் திருடன் தப்பிவிடக் கூடாதல்லவா. பின்பக்கத்தில் சந்தேகப்படுகிறவர்கள் என்று 18 பெயர்கள். பதினெட்டு! இத்தனை பேர் மேல் சந்தேகம் இருந்தால் அந்த ஊரில் அவன் எப்படிக் குடியிருந்தான்?

தொலைந்தவையும் ஸ்டேஷன் புகார் மாதிரியேதான். மேலங்கி, குளியல் உடை, இரும்புச் சட்டி, கலப்பைக் கொழு. குளிக்கப் போன இடத்தில் துணியைக் கழற்றி வைத்தால் இதுதான் நடக்கும்.

ஜனவரி 15, மாலை

காலையில் விட்டுப்போனது. இவர்கள் செய்த ஒரு சட்டத் தந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது. திருட்டுப் போன பொருளை எழுதும்போதே தேவிக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். "என் குளியல் உடையையும் மேலங்கியையும் உமது மாட்சிமைக்குக் கொடுக்கிறேன்" என்கிறான் சொலினஸ். கையில் இல்லாததைத் தானம் பண்ண என்ன செலவு? ஆனால் அந்த நொடி முதல் திருடன் வைத்திருப்பது சொலினஸ் சொத்து இல்லை, கோயில் சொத்து. இனி விரட்டவேண்டியது தேவியின் பொறுப்பு. சாதாரணத் திருட்டை சாமி சொத்து வழக்காக மாற்றுகிற இந்த மூளைக்கு நான் டைப்பிங் கூலியே வாங்கமாட்டேன்.

டோகிலியானஸ் என்பவன் தலைமூடி வைத்த மேலங்கியைத் தொலைத்தவன். எடுத்தவனைச் சாகடிக்கவேண்டும், தூக்கம் கூடாது, பிள்ளை கூடாது, இப்போதும் கூடாது இனியும் கூடாது, அந்த மேலங்கியைக் கோயிலில் கொண்டுவந்து போடும் வரைக்கும். செத்தவன் எப்படிக் கொண்டுவந்து போடுவான் என்று கேட்காதீர்கள். கோபத்தில் வந்த கட்சிக்காரன் அப்படித்தான் சொல்வான், நாமும் சொன்னபடி அடித்துக் கொடுப்போம்.

என் முடிவு: கோயில் வாசலில் என்னை மாதிரி ஒருவன் உட்கார்ந்திருந்தான். வந்தவன் வாயால் சொல்ல, அவன் மாதிரியை வைத்துக்கொண்டு பெயரையும் பொருளையும் மாற்றி எழுதினான்.

ஜனவரி 19

மூன்று திருத்தம்.

ஒன்று. பிராது என்று நான் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொண்டது சரியில்லை. ஹெங்க் வெர்ஸ்னெல் என்ற டச்சு அறிஞர் நீண்ட காலம் முன்பே இந்த வகைத் தகடுகளைத் தனியாகப் பிரித்து, நீதி கேட்கும் வேண்டுதல் என்று பெயரிட்டுவிட்டாராம். சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி, சொன்ன தொனிக்கு இல்லை.

இரண்டு. "செய்வினையே இல்லை" என்றது அதிகப்படி. பாத் நகரத்தை வைத்து ரோமானிய உலகம் முழுவதையும் எடைபோட்டுவிட்டேன். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தகடுகள் பல நாடுகளில் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நியாயமும் இல்லை, புகாரும் இல்லை. ஹத்ருமெதும், இன்றைய துனீசியாவின் சூஸ். அங்கே கல்லறையில் புதைத்த தகட்டில் படகில் நிற்கும் தாடிக்காரப் பூதத்தின் படம். வாசகம் ஏறக்குறைய இப்படி: பூதமே, நீ யாராயிருந்தாலும் சரி, இந்த நாளிலிருந்து, இந்த நாழிகையிலிருந்து, பச்சை அணிக் குதிரைகளையும் வெள்ளை அணிக் குதிரைகளையும் வதைத்துக் கொல். கிளாரஸ், ஃபெலிக்ஸ், பிரிமுலஸ், ரோமானஸ் என்ற தேரோட்டிகளை மோதவைத்துக் கொல், அவர்களிடம் மூச்சை மிச்சம் வைக்காதே.

இவர்கள் யாரும் எழுதியவனிடம் எதையும் திருடவில்லை. தேர்ப் பந்தயத்தில் எதிர் அணி, அவ்வளவுதான் குற்றம். இங்கே மனு போடுவது தேவியிடமும் இல்லை. ஆயுள் முடியாமல் செத்தவனின் ஆவி அலையும் என்று நம்பினார்கள், அப்படிப்பட்டவனின் குழிக்குள் தகட்டைச் செருகி அவனையே ஏவலாள் ஆக்கினார்கள். இது அப்பட்டமான ஏவல். தலைகுனிகிறேன்.

மூன்று. மகளிடம் நான் சொன்ன ஒரு காதல் கதை. "என்னிடமிருந்து வில்பியாவைக் கொண்டுபோனவன் தண்ணீராய்க் கரைந்து போகட்டும்" என்று 1880இல் கிடைத்த ஒரு தகடு. ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாகத் திருப்பி எழுதியது, பின்னால் சந்தேகப் பட்டியல். காதலியை இழந்தவன் அழுகிறான் என்று உருகிச் சொன்னேன். வில்பியா பெண் பெயரே இல்லை, ஏதோ வீட்டுச் சாமானாக இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். மகள் இரண்டு நாளாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஜனவரி 20

பொம்மை உண்டா என்று கேள்வி. உண்டு. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ரோமானிய ஆட்சிக்கால எகிப்தில் கிடைத்தது. கைகள் பின்னால் கட்டப்பட்டு மண்டியிட்ட களிமண் பெண். உடம்பில் 13 வெண்கல ஊசிகள். கூடவே ஒரு ஈயத் தகடு, எல்லாம் ஒரு மண்பானைக்குள். சரபம்மோன் என்ற ஆண், தொலெமாயிஸ் என்ற பெண் தன்னைத் தவிர வேறு எவனையும் நினைக்கக்கூடாது என்று வைத்த வசியம்.

என்னை உலுக்கியது பொம்மை இல்லை, அதன் செய்முறை. பாப்பிரஸ் சுவடி ஒன்றில் இதே வசியம் சமையல் குறிப்பு மாதிரி வந்திருக்கிறது: மெழுகிலோ களிமண்ணிலோ செய், 13 செப்பு ஊசி எடு, மூளையில் ஒன்று, காதுகளில் இரண்டு, கண்களில் இரண்டு, வாயில் ஒன்று என்று உள்ளங்கால் வரை இறங்குகிறது. ஒவ்வோர் ஊசிக்கும் சொல்லவேண்டிய வாசகமும் உண்டு: இன்னாருடைய இந்த உறுப்பைக் குத்துகிறேன், என்னைத் தவிர யாரையும் அவள் நினைக்காதபடிக்கு. சுவடியில் "இன்னார்" என்று வெற்றிடம், பானைக்குள் அந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். வெற்றிடம் விட்ட படிவமும் பூர்த்தி செய்த படிவமும் இரண்டுமே பிழைத்து வந்திருக்கின்றன. படிவம் பூர்த்தி செய்து வயிறு வளர்த்தவன் நான், எனக்கே முதுகு சில்லிட்டது.

இன்னொன்று. அடையாளத்துக்குத் தாய் பெயரைத்தான் எழுதுகிறார்கள், "இன்னாள் பெற்ற இன்னாள்" என்று. அரசாங்கத் தாளில் தகப்பன் பெயர், பூதத்துக்குத் தாய் பெயர். பூதத்திடம் தப்பான ஆளைக் காட்டிவிட்டால் வம்பு, தாய் விஷயத்தில் சந்தேகம் கிடையாது.

ஜனவரி 26

ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தேன். நிறம், அளவு, எந்த வண்டி, எத்தனை மணி. சாபத்துக்குக் கட்டம் இல்லை. பதில் வந்தது: அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

இதே மாதிரித் தொலைத்த இன்னொருவன் சில்வியானஸ். செவர்ன் ஆற்றுக்கு அப்பால் லிட்னியில் நோடென்ஸ் என்ற தெய்வத்துக்குத் தகடு போட்டான். மோதிரம் போய்விட்டது, அதன் மதிப்பில் பாதி உனக்கு, செனிகியானஸ் என்ற பெயருள்ளவர்களில் எவனுக்கும் ஆரோக்கியம் கொடுக்காதே, மோதிரத்தை உன் கோயிலுக்குக் கொண்டுவரும் வரை. பிற்பாடு அதே தகட்டில் "புதுப்பிக்கப்பட்டது" என்று ஒரு சொல். அதாவது மறுமனு! முதல் மனுவுக்கு நடவடிக்கை இல்லை.

கதை இனிமேல்தான். 1785இல் சில்செஸ்டர் பக்கம் உழவில் தடித்த தங்க மோதிரம் ஒன்று கிடைத்தது, லிட்னியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. முகப்பில் வீனஸ் தலை. வளையத்தைச் சுற்றி, "செனிகியானஸ், இறைவனில் வாழ்வாயாக" என்ற கிறிஸ்தவ வாழ்த்து. திருடன் அகப்பட்டான்! அதுவும் எழுத்தாணிக்காரன் ஓர் எழுத்தைக் கூடுதலாகக் கீறி, கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் விட்டுவிட்டான். திருட்டு நகையில் அவசரமாகப் பெயர் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

ஜனவரி 27

"அகப்பட்டான்" என்று நேற்று ஆச்சரியக்குறி போட்டதை வாபஸ் வாங்குகிறேன். சாட்சியம் என்ன? ஒரு பெயர், அவ்வளவுதான். தகட்டிலேயே "செனிகியானஸ் என்ற பெயருள்ளவர்களில்" என்றுதான் இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்டவர் இருந்தார்கள் என்று எழுதியவனே ஒப்புக்கொள்கிறான். இரண்டும் ஒரே மோதிரம்தானா என்று ஆய்வாளர்களும் சந்தேகப்படுகிறார்கள். நான் பார்த்த எந்த மாஜிஸ்திரேட்டும் இதை ஏற்கமாட்டார்.

பிப்ரவரி 2

சட்டம் என்ன செய்தது என்று கேட்டவருக்கு. கி.மு. 451–450இல் எழுதிய பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே தீய மந்திரம் பாடுவதும், அடுத்தவன் பயிரை மந்திரத்தால் இழுத்துக்கொள்வதும் குற்றம். கி.மு. 81இல் ரோமின் சர்வாதிகாரி சுல்லா கொண்டுவந்த சட்டத்தில் விஷம் வைப்பதற்கு ஒரு சொல் வருகிறது. மருந்து, விஷம், மாயம் மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான். பின்னாளில் மந்திரவாதிகளையும் அதன்கீழ் இழுத்தார்கள்.

பயிர் வழக்கு ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன், இதையும் பிளினிதான் சொல்கிறார். கிரெசிமஸ், விடுதலை பெற்ற அடிமை. கையகல நிலம், அக்கம்பக்கத்துப் பெரிய பண்ணைகளைவிட விளைச்சல் அதிகம். பொறாமை தாங்கவில்லை, அடுத்த வயல் விளைச்சலை மந்திரம் போட்டு இழுக்கிறான் என்று வழக்கு. வாக்கெடுப்பு நாளன்று ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்துக்குத் தன் பண்ணைச் சாமான்களை மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கினான். நல்ல இரும்பில் கனத்த மண்வெட்டி, பாரமான கொழு, தீனி தின்று கொழுத்த எருதுகள், வயிறார உண்டு நல்ல உடை உடுத்திய ஆட்கள். "ரோமானியரே, இவைதான் என் மந்திரங்கள். ராத்திரி விழித்ததையும் சிந்திய வேர்வையையும் இங்கே கொண்டுவர முடியவில்லை" என்றான். ஒருவர் மிச்சமில்லாமல் விடுதலைக்கு வாக்களித்தார்கள். வக்கீல் வைத்ததாகப் பிளினி சொல்லவில்லை.

எழுத்தாளர் அப்புலேயஸ் வழக்கு இதற்கு நேர் எதிர்: பேச்சு, பேச்சு, பேச்சு. கி.பி. 158 வாக்கில், லிபியாவின் சப்ராதாவில். பணக்கார விதவை புதெந்தில்லாவை மணந்துகொண்டார், மந்திரம் போட்டு மயக்கினார் என்று அவள் புகுந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஆதாரம்? விசித்திரமான மீன்களை விலைக்கு வாங்கினார், அவர் முன்னால் ஒரு பையன் கீழே விழுந்தான். பையனுக்கு வலிப்பு நோய் என்று அப்புலேயஸ் பதில் சொன்னார். மீன் வாங்குவது குற்றமென்றால் மீன்காரனை என்ன செய்வீர்கள் என்கிற தினுசில் நக்கல் வேறு. அவளுக்கு அறுபது வயது என்று எதிர்த் தரப்பு சொன்னது, பிறப்புப் பதிவை வைத்து நாற்பதுக்குச் சற்று மேல் என்று காட்டினார்.

எனக்குப் பிடித்தது கடிதம். "அப்புலேயஸ் மந்திரவாதி, என்னை மயக்கிவிட்டான்" என்று அவளே எழுதியதாக எதிர்த் தரப்பு வாசித்தது. முழுக் கடிதத்தையும் வாசிக்கச் சொன்னார் இவர். அவள் மகனுக்கு எழுதியிருந்தது: கல்யாணம் செய்துகொள் என்று முதலில் சொன்னதே நீதான், இப்போது கெட்டவர்கள் உன் காதில் ஓத, திடீரென்று அப்புலேயஸ் மந்திரவாதி ஆகிவிட்டான், நான் மயங்கியவள் ஆகிவிட்டேனா! முன்னும் பின்னும் வெட்டி நடுவரியை மட்டும் தாக்கல் செய்கிற வித்தை 1,860 வருஷம் பழையது.

பிப்ரவரி 11

என் ஜனவரி 15 முடிவு செத்துவிட்டது. நானே புதைக்கிறேன்.

பாத் தகடுகளைப் படித்து வெளியிட்டவர் ரோஜர் டோம்லின். கையெழுத்துகளை ஒப்பிட்டு அவர் சொன்னது: ஏறக்குறைய ஒவ்வொரு தகடும் வெவ்வேறு கை. வாசலில் ஒரு எழுத்தன் இருந்திருந்தால் ஒரே கை பத்துத் தகட்டிலாவது திரும்ப வந்திருக்கும். வரவில்லை. வாசகம் மட்டும் பொது. வந்தவன் மாதிரியைப் பார்த்துத் தானே எழுதியிருக்கிறான். ஒரு தகட்டில், எழுதிய தாள் படியெடுக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரியையும் சேர்த்தே கீறிவைத்திருக்கிறார்கள்.

தானே எழுதினால்தான் சாபம் பலிக்கும் என்று நினைத்தார்களோ, கூலி மிச்சம் என்று நினைத்தார்களோ. தொழில்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிப்ரவரி 12

எழுதத் தெரியாதவன் என்ன செய்தான் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்காகவே இன்று மறுபடி போனேன், புதுக் கையுறையோடு.

என் மேஜைக்கு அப்படிப்பட்டவர்கள் வருவார்கள். ஒரு பாட்டி வெற்றுத் தாளின் அடியில் முதலிலேயே கைநாட்டு வைத்து நீட்டும், "மேல உள்ளத நீயே எழுதிக்க சாமி" என்று.

அங்கே நீட்ட ஆளில்லை. சில தகடுகளில் எழுத்தே இல்லை, எழுத்து மாதிரியான கீறல்கள். கோடு, வளைவு, மறுபடி கோடு, எழுதத் தெரிந்தவன் கை எப்படி ஓடுமோ அப்படி வரிசையாக. எந்த மொழியிலும் அதைப் படிக்க முடியாது. எதுவுமே எழுதாத தகடுகளும் உண்டு. எல்லாமே மற்றவற்றோடு அதே ஊற்றுக்குள் கிடந்தவை.

கீறல் போட்ட தகட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கதோஷம், எங்கே பெயர், எங்கே பொருள், எங்கே தேதி என்று கண் தேடிக்கொண்டே இருந்தது.